உல்லைக் கரையிலிருந்து: வாசகர் கேள்வி – பதில்

அறுகம்பேயில், நாங்கள் உல்லை என்று சொல்லும் கரையில், பலகையில் நின்று அலையில் சறுக்கும் சேர்ஃபிங் கற்றுக்கொடுப்பவன் நான். ஆசிரியர் குழு தந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எத்தனை நாளில் பலகையில் எழுந்து நிற்கலாம்? அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெதுமெதுப்பான பயிற்சிப் பலகையில், சின்ன அலை வரும் பேபி பொயின்ற்றில், பின்னாலிருந்து நான் தள்ளிவிட்டால், பெரும்பாலானவர்கள் முதல் நாளே ஒரு தடவையாவது நின்றுவிடுகிறார்கள். வருகிற அலையைத் தாங்களே பார்த்துத் தெரிந்து, கையால் தண்ணீரைத் துடுப்புப்போல் வலித்துப் போய்ப் பிடித்து நிற்பதற்கு ஒரு முழு சீசன் வேண்டும். இனி மற்றக் கடிதங்கள்.

எனக்கு 24 வயது. வாவியில் நன்றாக நீந்துவேன். கடலில் நீந்திப் பழக்கமில்லை. நேரே அறுகம்பேக்கு வந்து சேர்ஃபிங் பழகலாமா?
*வாசகர், களுவாஞ்சிகுடி*

வாருங்கள் தம்பி. ஆனால் வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நிற்காமல் 200 மீற்றர் நீந்த முடிகிறதா, பத்து நிமிடம் கைகாலை அடிக்காமல் மிதக்க முடிகிறதா என்று வாவியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இது என் கணக்கு. காலில் கட்டும் லீஷ் கயிறு பலகையை உங்களோடு வைத்திருக்கும் என்பதால், அதை நம்பி நீந்தத் தெரியாதவர்களும் இறங்கப் பார்க்கிறார்கள். அந்தக் கயிறு அறுந்து நான் எத்தனையோ தடவை நீந்திக் கரைக்கு வந்திருக்கிறேன்.

முதல் நாள் உங்களை உடனே தண்ணீருக்குள் விடமாட்டேன். இருபது நிமிடம் மணலில் இருத்திவைப்பேன். பலருக்கு இது பிடிப்பதில்லை. காசு கொடுத்தது கடலுக்குள் இறங்க, மணலில் இருக்க இல்லையே என்று முகத்தில் தெரியும். அந்த இருபது நிமிடத்தில் பெரிய அலைகள் எத்தனை சேர்ந்து வருகின்றன, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் கடல் அடங்கிக் கிடக்கிறது என்று எண்ணச் சொல்வேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்பேன்: எந்த இடத்தில் இறங்கினால் பாதுகாப்பு? பத்தில் எட்டுப் பேர் அலை உடையாமல் கொஞ்சம் கறுப்பாக, அமைதியாகத் தெரியும் பட்டையைக் காட்டுவார்கள். கரையில் குவிந்த தண்ணீர் திரும்ப வெளியே ஓடும் வழி அதுதான். ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. பலகையை விடாமல் பக்கவாட்டில் வலித்து அந்தப் பட்டையிலிருந்து வெளியே வர வேண்டும். பழகியவர்கள் அதே இழுவையில்தான் சுகமாக வெளியே போகிறார்கள்.

இதை எனக்கு எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தரவில்லை. என் அப்பா கரையில் குந்தியிருந்து, பீடி ஒன்று முடியும் வரை கடலையே பார்த்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவார். பெரிய அலைகள் மூன்று நான்கு கடந்ததும் "இப்ப" என்பார். அந்த "இப்ப" எப்போது வரும் என்று ஊகிப்பதுதான் சின்ன வயதில் என் விளையாட்டு. இன்றைக்கும் என் பிழைப்பு அதுதான்.

போன ஓகஸ்டில் நான் ஓர் அலையைப் பிடித்து எழுந்தபோது ஒரு வெளிநாட்டுக்காரர் கெட்ட வார்த்தையில் கத்தினார். நம் கடலில் நம்மைக் கத்த இவர் யார்?
*வாசகர், கல்முனை*

கெட்ட வார்த்தை பிழை. ஆனால் நீங்கள் எழுதிய விவரத்தைப் பார்த்தால் அந்த அலை அவருடையது. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்கே அது சொந்தம். அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார், நீங்கள் அவருக்கு முன்னால் இறங்கியிருக்கிறீர்கள். பலகை மோதி மண்டை உடைந்த ஆட்களை நான் ஓட்டோவில் ஏற்றிப் பொத்துவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அடுத்த தடவை கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், அதோடு முடிந்துவிடும். அதேபோல, உள்ளூர்ப் பிள்ளையின் அலையில் வெளிநாட்டுக்காரர் இறங்கினால் நானே போய்ச் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன்.

கல்லடியில் கடல் இருக்கிறது, பாசிக்குடாவும் இருக்கிறது. சேர்ஃபிங் என்றால் மட்டும் ஏன் எல்லோரும் பொத்துவிலுக்கே ஓடுகிறார்கள்?
*ஆசிரியை, மட்டக்களப்பு*

ரீச்சர், இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குக் கொள்ளை ஆசை.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை இங்கே வரும் நல்ல அலைகள் நம் கடலில் பிறந்தவை இல்லை. தெற்கே, அண்டார்ட்டிக்காவைச் சுற்றியுள்ள சமுத்திரத்தில் வீசும் புயல்கள் கிளப்பிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து வருகின்றன. அவ்வளவு தூரம் வருவதற்குள் சின்னச் சின்ன அலைகள் அடங்கிப்போய், நீளமான, ஒழுங்கான அலைகளே மிஞ்சும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் பன்னிரண்டு, பதினான்கு செக்கன் இருக்கும். பாசிக்குடாவுக்கு வரும் அலையைப் பாறை வெளியிலேயே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் அங்கே இடுப்பளவு தண்ணீரில் குழந்தைகள் விளையாடுகின்றன. கல்லடியில் கரை நேராக ஓடுகிறது, அலை முழு நீளத்துக்கும் ஒரேயடியாகப் பொத்தென்று விழும். சறுக்குவதற்குப் பக்கம் கிடைக்காது.

உல்லையில் ஒரு மூக்கு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் அலை அந்த மூக்கில் முட்டி, ஆழம் குறைந்த பக்கம் மெதுவாகி, மூக்கைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் வருகிறது. அதனால் ஒரு முனையில் உடையத் தொடங்கி, சுருட்டிய பாயை விரிப்பதுபோல் வரிசையாக உடைந்துகொண்டே போகும். சறுக்குகிறவருக்கு அது வலப்பக்கம், கரையில் நின்று பார்க்கும் நமக்கு இடப்பக்கம். பொத்துவில் பொயின்ற், விஸ்கி பொயின்ற், தெற்கே யானைக்கல், பீனட் பார்ம், உகந்தை என்று நாங்கள் சறுக்கும் இடங்கள் எல்லாம் இந்தக் கதைதான், மூக்கின் வடிவம் மட்டும் வேறு.

இன்னொரு உதவி நம் கச்சான் காற்று. வெயில் காலத்தில் மேற்கிலிருந்து வயலெல்லாம் காய வீசும் அதே காற்று, கடற்கரைக்கு வரும்போது தரையிலிருந்து கடல் பக்கம் போகிறது. அது அலையின் முகத்தில் எதிராக அடித்து உடனே விழவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அப்போது அலை கண்ணாடிபோல் இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று திரும்பினால் எல்லாம் கலங்கிவிடும். நாங்கள் விடிய ஐந்தரைக்கே பலகையோடு நிற்பதற்குக் காரணம் அதுதான். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வந்தால் அந்த நேரத்துக்குக் கூட்டி வாருங்கள். கரையில் நின்று புவியியல் பாடமே நடத்தலாம்.

2004இல் என் தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது. இப்போது என் 17 வயது மகன் சேர்ஃபிங் பழகப் போகிறேன் என்று நிற்கிறான். எனக்குக் கடல் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது. விடுவதா, மறிப்பதா?
*வாசகி, கல்லடி*

அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன்.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். எனக்கு அப்போது 22 வயது. சியம்பலாண்டுவைக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தேன். அதனால் இருக்கிறேன். திரும்பி வந்தபோது பாலம் உடைந்து கிடந்தது, உல்லையில் எங்கள் வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. பெரியம்மாவும் அவருடைய பேரனும் இல்லை. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் செத்துப்போனார்கள்.

ஐந்து மாதம் நான் கடலில் கால் வைக்கவில்லை. பங்குனியில் அப்பா, கடன் வாங்கிய வள்ளத்தோடு திரும்பக் கடலுக்குப் போனார். அன்றைக்கு அவரோடு நான் கதைக்கவே இல்லை, அவ்வளவு கோபம். அடுத்த நாளிலிருந்து அவர் போகும்போதும் வரும்போதும் கரையில் போய் இருந்தேன். அவ்வளவுதான் செய்தேன். பிறகு ஒருநாள் வள்ளத்தை இழுக்க ஆள் போதவில்லை, முழங்கால் வரை இறங்கினேன். பிறகு இடுப்பு வரை. வைகாசிக் கடைசியில், வெடிப்பு விழுந்த ஒரு பழைய பலகையில் குப்புறப் படுத்துக் கொஞ்சத் தூரம் வலித்துப் போய், எழும்பாமல் திரும்பி வந்தேன். வந்து மணலில் கிடந்து அழுதேன்.

உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. நாங்கள் சறுக்கும் அலை காற்றினால் வருவது. மேல் தண்ணீர் மட்டும்தான் அசையும், சில செக்கனில் வந்து உடைந்து முடிந்துவிடும். அன்று வந்தது சுமாத்திராவுக்கு அப்பால் கடலின் அடித்தரை அதிர்ந்ததால் வந்தது. அடியிலிருந்து மேல் வரை முழுக் கடலும் எழும்பி, நிமிடக்கணக்காக உள்ளே வந்துகொண்டே இருந்தது. இங்கே வந்து சேர அதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்று இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. நான் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் பாடத்திலேயே சொல்கிறேன்: தரை நீண்ட நேரம் அதிர்ந்தால், கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால், பலகையைப் போட்டுவிட்டு உயரமான இடத்துக்கு ஓடு, பார்த்துக்கொண்டு நிற்காதே.

மகனை மறித்தால் அவன் களவாகப் போவான், பழக்கமில்லாத இடத்தில் தனியாக இறங்குவான். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். முதல் நாள் நீங்களும் வாருங்கள். பாடம் நடக்கும்போது கடலைப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் கொட்டிலில் முதுகைக் காட்டி இருந்து தேத்தண்ணி குடியுங்கள், என் மனைவி பக்கத்தில் இருப்பாள். அவளும் அன்று ஆட்களை இழந்தவள். நெஞ்சடைப்பு இத்தனை வருடமாகத் தொடர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தியரிடம் சொல்லுங்கள் அக்கா, அதற்கும் சிகிச்சை உண்டு.

ஒலிம்பிக்கில் சேர்ஃபிங் உண்டா? புள்ளி எப்படிப் போடுகிறார்கள்?
*மாணவன், காரைதீவு*

உண்டு. ரோக்கியோவில்தான் முதன்முதலாகச் சேர்த்தார்கள், போட்டி 2021இல் நடந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் சேர்ஃபிங் போட்டி பசிபிக்கில் இருக்கும் தாஹிட்டித் தீவில் நடந்தது. ஐந்து நடுவர்கள் ஒவ்வொரு அலைக்கும் பத்துக்குப் புள்ளி போடுவார்கள். கூடியதையும் குறைந்ததையும் கழித்து மற்ற மூன்றின் சராசரியை எடுப்பார்கள். ஒருவரின் மிகச் சிறந்த இரண்டு அலைகள்தான் கணக்கு, ஆக மொத்தம் இருபதுக்கு. அரை மணி நேரத்தில் இரண்டே இரண்டு நல்ல அலை போதும். அதனால் எந்த அலையை விடுவது என்று தெரிந்தவன் வெல்கிறான்.

என் 13 வயது மகளுக்கு ஆசை. நீச்சல் உடை, ஆண் பயிற்சியாளர், ஊர்ப்பேச்சு, இந்த மூன்றும் எனக்குத் தயக்கம்.
*தாய், அக்கரைப்பற்று*

நீச்சல் உடை தேவையே இல்லை. முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை லெகிங்ஸும் போட்டுத்தான் இங்கே நிறையப் பேர் இறங்குகிறார்கள். வெயிலுக்கும் பலகை உரசுவதற்கும் அதுதான் நல்லது. சோல், தளர்வான பாவாடை, தொங்கும் கயிறு மட்டும் வேண்டாம், தண்ணீரில் சுற்றிக்கொள்ளும். தலைமுடியை இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

பெண்கள் கற்றுக்கொடுக்கும் இடம் கேட்டுப் பாருங்கள், இருக்கிறார்கள். 2018இல் இங்கே பெண்களுக்கென்றே ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கினார்கள், நாட்டில் அதுதான் முதலாவது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் ஒன்றாக, சிலர் பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டு, தண்ணீருக்குள் போனார்கள். ஊர் பேசத்தான் செய்தது. என் மகள் பத்து வயதில் தொடங்கியபோது என் காதுபடவே பேசினார்கள். போன வருடம் குளிக்க வந்த ஒரு பொடியன் இழுவையில் அள்ளுப்பட்டபோது, பலகையோடு போய் அவனைக் கொண்டுவந்தவள் அவள். அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது.

சென்னையிலிருந்து ஜூலையில் வரலாமென்று இருக்கிறேன். மாமல்லபுரத்தில் இரண்டு வருடம் பழகியிருக்கிறேன். பயணத்துக்கு ஆலோசனை சொல்லுங்கள்.
*வாசகர், சென்னை*

மாமல்லபுரத்தில் பழகியிருந்தால் பயமில்லை. 2025 ஓகஸ்டில் ஆசியப் போட்டியே நடந்த இடம் ஆயிற்றே. கொழும்பிலிருந்து பொத்துவிலுக்கு 320 கிலோமீற்றர் அளவு, இரவு பஸ் இருக்கிறது. ரயிலில் மட்டக்களப்பு வரை வந்து, அங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகவும் வரலாம், நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். எனக்கு இரண்டாவது வழிதான் விருப்பம், வழி முழுக்கத் தமிழ் கேட்டுக்கொண்டே வரலாம்.

பலகை கொண்டுவருவதானால் விமானத்தில் அதற்கு எவ்வளவு அறவிடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். பத்து நாளுக்குள் என்றால் இங்கே வாடகைக்கு எடுப்பதுதான் மிச்சம். உல்லையின் அந்த மூக்கடியில் இருக்கும் மெயின் பொயின்ற்றில் முதல் இரண்டு நாள் இறங்க வேண்டாம். ஜூலையில் அங்கே ஆட்கள் நெருக்கம், அடியில் கல். விஸ்கி பொயின்ற்றில் தொடங்குங்கள். காலில் கல் வெட்டினால் நல்ல தண்ணீரில் மண் போகும் வரை தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள். பவளக்கல் வெட்டைச் சும்மா விட்டால் புண் வைத்துவிடும்.

தெற்கே போகும்போது இரண்டு கவனம். பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் வழியில் யானை நிற்கும், இருட்டோடு மோட்டார்சைக்கிளில் போகாதீர்கள். களப்புகளில் முதலை இருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் அமைதியாகக் கிடக்கும் தண்ணீர்தானே என்று கை கழுவக்கூட இறங்க வேண்டாம். 2017இல் அந்தப் பக்கம் ஓர் இளம் வெளிநாட்டவர் முதலையால் இறந்தார்.

உகந்தையில் அலை உடையும் இடத்துக்கு அருகிலேயே முருகன் கோயில். ஆடித் திருவிழாக் காலத்தில் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் அங்கே தங்கி, அங்கிருந்து காட்டுக்குள் இறங்குவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தே நடந்து வந்தவர்களும் இருப்பார்கள். ஈரக் காற்சட்டையோடு அவர்களுக்கு நடுவில் போகாமல், ஒரு வேட்டியைக் கட்டிக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

நானும் பயிற்சியாளர்தான் அண்ணன், 26 வயது. சீசனில் உழைக்கிறேன், கார்த்திகை வந்தால் கை வெறுமை. ஓரிடத்தில் இரண்டு மாதச் சம்பளம் தரவில்லை. வீட்டில் கட்டாருக்குப் போகச் சொல்கிறார்கள். இந்த வாழ்க்கையை விட்டுவிடவா?
*வாசகர், கோமாரி*

தம்பி, உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. 2009இல் ஓரிடத்தில் மூன்று மாதம் கற்பித்தேன், ஒரு சதமும் வரவில்லை. கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்: திகதி, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், யார் கையெழுத்து. நீங்களும் இன்றைக்கே ஒன்று வாங்குங்கள். சம்பளத்தைக் கிழமைக்குக் கிழமை கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

வருமானம் என்று பார்த்தால் இந்தக் கடல் எங்களை நிறையவே உலுப்பிவிட்டது. 2019இல் சீசன் தொடங்கும் நேரம் பார்த்து உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. ஒரே இரவில் எனக்கிருந்த முன்பதிவெல்லாம் போய்விட்டது. அடுத்த வருடம் கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசை. அந்த வருடம் இரண்டு பலகையை விற்றுத்தான் அரிசி வாங்கினேன். அதில் ஒன்று நான் போட்டிக்குப் போன பலகை. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பே பற்றி எச்சரிக்கை விட்டதும் இரண்டு மூன்று நாளில் கரை வெறிச்சோடியது. ஆனாலும் அலை ஒரு வருடமாவது வராமல் விட்டதில்லை. வருகிற ஆட்களை நம்பி ஆறு மாதம், வேறொன்றை நம்பி ஆறு மாதம் என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்கு அந்த வேறொன்று வயல். சீசன் முடியும் ஒக்டோபரில்தான் மாரி விதைப்பு, அறுவடை முடிந்து வர ஏப்ரல். இரண்டும் ஒன்றோடொன்று முட்டாது. உங்களுக்குக் காணி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பலகை திருத்தப் பழகுங்கள். சீசனில் ஒவ்வொரு நாளும் இங்கே பலகை உடைகிறது, திருத்தத் தெரிந்த கை குறைவு. சிலர் பலகை என்ன வகை என்று பாராமலே எல்லாவற்றுக்கும் பொலியெஸ்டர் ரெசின் என்கிற இறுகும் பிசினை ஊற்றிவிடுகிறார்கள். ரெஜிஃபோம் மாதிரி வெள்ளை உள்ளீடு உள்ள எப்பொக்சிப் பலகையில் அதை ஊற்றினால் உள்ளே கரைந்து குழியாகிவிடும். பிறகு அந்தப் பலகை குப்பைக்குத்தான். அதற்கு எப்பொக்சி ரெசின் மட்டும்தான் போடலாம். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

மாரியில் வெலிகமைப் பக்கம் போகலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே சீசன். நான் இரண்டு வருடம் போனேன். அங்கேயும் உள்ளூர்ப் பையன்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாடிக்கையாளரை நாம் பிடிக்கக் கூடாது. தெரிந்த ஒருவருக்குக் கீழ் வேலை செய்வதென்றால் போங்கள். சர்வதேச சேர்ஃபிங் சங்கத்தின் முதலாம் நிலைச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். அதற்கு உயிர்காப்புச் சான்றிதழும் வேண்டும். சங்கடம் பார்க்காமல் ஆங்கிலம் பழகுங்கள்.

கட்டார் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் கடன் இரண்டு சீசன் உழைப்பில் தீராதென்றால் போய்விட்டு வாருங்கள். என் தம்பி ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தான். வந்த கிழமையே கடலில் இறங்கினான், உடம்பு மறக்கவில்லை. கடன் அவ்வளவு இல்லையென்றால் போக வேண்டாம். 26 வயதில் தோள் நன்றாக இருக்கிறது, அதை இங்கே செலவழியுங்கள்.

தோள் பற்றியும் ஒரு சொல். 2016இல் என் வலது தோளில் தசை கிழிந்து மூன்று மாதம் கையால் தண்ணீரை வலித்துப் போக முடியாமல் போனது. கரையில் நின்றே கற்பித்தேன். அந்த மூன்று மாதத்தில்தான், பிள்ளைகள் எழும்பும்போது கண்ணைக் கீழே, பலகையைப் பார்த்து வைத்திருப்பதால் விழுகிறார்கள் என்பதையே கண்டேன். பத்து வருடம் பக்கத்தில் நின்று தள்ளிவிட்டும் அது எனக்குத் தெரியாமல் இருந்தது. மாணவர் இல்லாத நாளில் வீட்டில் கிடக்காமல் கரைக்குப் போய் இருங்கள். மற்றவர் சறுக்குவதைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காற்றுத் திரும்பியதும் எனக்கு வேலை இல்லை. கோமாரியிலிருந்து பஸ் ஏறினால் உல்லை தூரமில்லை. உடைந்த பலகை ஒன்றைக் கொண்டு வாருங்கள். வருவதற்கு முன், உடைந்த பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் நிறுத்தி, உள்ளே போன தண்ணீர் முழுக்க வடிந்து காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே அழுகும். ரெசினும் துணியும் என்னிடம் இருக்கின்றன, கையுறையும் முகமூடியும் உங்களுடையவை.